நீர்க்குறி முதல் தாட்குறி வரை

யாழ்ப்பாணக் குடாநாட்டின் தென்மேற்கே, ஆழம் குறைந்த கடற்பரப்பில், தீவுகள் சில சிதறிக் கிடக்கின்றன. ஒல்லாந்தர் இவற்றுக்குத் தம் தாய்நாட்டு நகரங்களின் பெயர்களைச் சூட்டி மகிழ்ந்தனர். வேலணைத் தீவு அவர்களுக்கு லெய்டன் ஆயிற்று. புங்குடுதீவு மிடில்பேர்க் ஆயிற்று. நயினாதீவு ஹார்லெம் எனப்பட்டது. நெடுந்தீவு டெல்வ்ற் என வழங்கலாயிற்று. ஒல்லாந்தர் வருவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்னரே இத்தீவுகள் வரலாற்றில் இடம்பெற்றுவிட்டன. பன்னிரண்டாம் நூற்றாண்டில் முதலாம் பராக்கிரமபாகு மன்னன் நயினாதீவில் பொறித்த தமிழ்க் கல்வெட்டு, ஊராத்துறைக்கு வரும் அயல்நாட்டு வணிகரைக் காக்குமாறு ஆணையிடுகின்றது. யானையும் குதிரையும் கொண்டுவரும் கலம் உடைந்தால் அரசுக்கு உரிய பங்கு எவ்வளவு, வாணிகப் பொருள் ஏற்றிய கலம் உடைந்தால் எவ்வளவு என்று அது வகுத்துரைக்கின்றது. கலம் உடைவதற்கென்றே அரசன் விதி வகுக்க நேர்ந்ததென்றால், இக்கடலின் இயல்பு எத்தகையது என்பது சொல்லாமலே விளங்கும்.

இன்று வேலணையும் புங்குடுதீவும் கடலூடாக அமைந்த வீதிகளால் குடாநாட்டோடு இணைந்துள்ளன. நயினாதீவுக்கும் நெடுந்தீவுக்கும் செல்வோர், புங்குடுதீவின் குறிகட்டுவான் துறையிற் படகேற வேண்டும். நயினாதீவு கண்ணுக்கெட்டிய தூரம். நெடுந்தீவோ ஏறத்தாழ ஒரு மணி நேரக் கடற்பயணம். சோளகம் எழும் மாதங்களிலும் வாடை வீசும் மாதங்களிலும் அந்த ஒரு மணி நேரம் எளிதான ஒன்றன்று. தீவில் ஒரு குழந்தைக்கு இரவிற் காய்ச்சல் கடுமையாகக் காய்கின்றது என்று வைத்துக்கொள்வோம். இப்போதே படகை இறக்குவதா, விடியும்வரை பொறுப்பதா? இந்தக் கேள்விக்கு விடை, காய்ச்சலின் கடுமையில் மட்டும் இல்லை. அக்காய்ச்சல் எதனால் வந்தது என்பதிலேயே இருக்கின்றது. நோயின் பெயரை நோயாளி இருக்கும் இடத்திலேயே அறிவது எவ்வாறு? மருத்துவ வரலாற்றின் நெடிய பகுதியொன்று இவ்வினாவுக்கு விடை தேடிய வரலாறே ஆகும்.

தமிழ் மருத்துவர் இவ்வினாவை நன்கு உணர்ந்திருந்தனர். நாடி, நா, நிறம், மொழி, விழி, மலம், நீர், தொடுகை என எட்டு வகையால் நோயை ஆராய்வது சித்த மருத்துவ மரபு. அவற்றுள் நீரைக் கொண்டு நோயறியும் முறை தேரையர் பெயரால் வழங்குகின்றது. நோயாளியின் சிறுநீரை ஒரு கலத்தில் ஏந்தி, அதன் நிறம், மணம், நுரை, எடை ஆகியவற்றைப் பார்ப்பது நீர்க்குறி. அதன்மேல் நல்லெண்ணெய் ஒரு துளியை மெல்ல இட்டு, அத்துளி பாம்புபோல் நெளிகின்றதா, மோதிரம்போல் வட்டமாகின்றதா, முத்துப்போல் ஒரே இடத்தில் நிற்கின்றதா என்று நோக்குவது நெய்க்குறி. முதலாவது வாதத்தையும், இரண்டாவது பித்தத்தையும், மூன்றாவது கபத்தையும் குறிக்கும் என்பர். யாழ்ப்பாண அரசர் காலத்தோடு தொடர்புபடுத்தப்படும் பரராசசேகரம், செகராசசேகரம் முதலிய மருத்துவ நூல்கள் இங்குள்ள வைத்தியர் பரம்பரைகளின் கைந்நூல்களாய் விளங்கின.

இம்முறையின் முடிபுகளை இன்றைய ஆய்வுகூடம் ஏற்கின்றதா என்பது வேறு வினா. ஆனால் இதன் அடியிலுள்ள எண்ணம் கருதத்தக்கது. விலையுயர்ந்த கருவி வேண்டியதில்லை. நோயாளியின் உடலிலிருந்து வரும் ஒரு நீர்மம் போதும். ஒரு துளி எவ்வாறு பரவுகின்றது என்பதைக் கண்ணாற் கண்டே நோயை அறியலாம் என்பதே அவ்வெண்ணம். பல நூற்றாண்டுகளின் பின்னர் மேலைநாட்டு ஆய்வாளர் தாளின்மீது ஒரு துளியை இட்டு அது பரவுவதை நோக்கியபோது, இதே எண்ணம் வேறோர் உருவில் திரும்பி வந்தது எனலாம்.

நிறம் மாறுவதைக் கொண்டு ஒரு பொருளின் இயல்பை அறிவதும் நம்மவர்க்குப் புதிதன்று. மஞ்சள் கரைத்த நீரிற் சிறிது சுண்ணாம்பைச் சேர்த்தவுடன் அது செக்கச் சிவக்கின்றது. திருமண வீடுகளில் ஆராத்தி எடுக்கும் பெண்கள் நாள்தோறும் செய்துவரும் இரசாயனப் பரிசோதனை இது. சுண்ணாம்பு காரம், காரம் பட்டால் மஞ்சள் நிறம் மாறும். இவ்வுண்மையைக் கொண்டே இரசாயன அறிஞர் மஞ்சள் தோய்த்த தாளைக் காரம் அறியும் தாளாகப் பயன்படுத்தினர். ஆங்கில அறிஞர் ரொபேட் பொயில், 1664ஆம் ஆண்டில் வெளியிட்ட நிறங்கள் பற்றிய நூலில், ஊதாப்பூச் சாற்றை வெண்தாளில் இட்டு, அதன்மேல் அமிலம் பட்டால் செம்மையும் காரம் பட்டால் பசுமையும் தோன்றுவதை எழுதிவைத்தார். கற்பாசிகளிலிருந்து எடுக்கும் சாயத்தைத் தோய்த்த பாசிச்சாயத்தாள் இன்றும் பள்ளிக்கூட ஆய்வுகூடங்களில் மாணவர் முதன்முதற் கையிலெடுக்கும் பரிசோதனைப் பொருளாக உள்ளது.

மேலைநாட்டு மருத்துவமும் இரசாயனமும் யாழ்ப்பாணத்துக்குத் தமிழ் மொழியிலேயே வந்தன என்பது பெருமைக்குரிய செய்தி. 1847ஆம் ஆண்டில் இங்கு வந்த அமெரிக்க மிசன் மருத்துவர் சாமுவேல் கிறீன், மானிப்பாயில் மருத்துவக் கல்வியைத் தொடங்கினார். பின்னாளில் தமிழிலேயே மாணவரைப் பயிற்றினார். உடற்கூறு, அறுவை மருத்துவம், பிள்ளைப்பேறு முதலிய துறைகளில் அவரும் அவர் மாணவரும் தமிழ் நூல்களை ஆக்கினர். இரசாயனத்துக்கென வந்த நூல் கெமிஸ்தம் என்னும் பெயருடையது. 1875ஆம் ஆண்டில் அது வெளியாயிற்று. நோயை நாடியால் மட்டுமன்றிப் பொருள்களின் மாற்றத்தாலும் அறியலாம் என்னும் கல்வி, இவ்வாறு தமிழ் கற்ற இளைஞர் கைக்கு எட்டியது.

எனினும் அக்காலத்துப் பரிசோதனைக்குக் கண்ணாடிக் குழாய் வேண்டும், விளக்கு வேண்டும், பல நீர்மங்கள் வேண்டும். சிறுநீரிற் சர்க்கரை உண்டா என்று அறிய, நீலநிறக் கரைசலோடு அதைக் கொதிக்க வைத்து, பச்சையாகவோ மஞ்சளாகவோ செங்கல் நிறமாகவோ மாறுகின்றதா என்று பார்த்தனர். நீரில் எறும்பு மொய்ப்பதைக் கண்டு மதுமேகத்தை அறிந்த பழைய வைத்தியரின் முறையைவிட இது நுட்பமானது. ஆயினும் எறும்புக்கு அடுப்பு வேண்டியதில்லை அன்றோ! இக்குறையைப் போக்கப் பலர் முயன்றனர். 1850ஆம் ஆண்டில் மொமெனே என்னும் பிரெஞ்சு இரசாயன அறிஞர், வெள்ளீயக் குளோரைட்டிற் தோய்த்த கம்பளித் துண்டொன்றைப் பயன்படுத்தினார். அதன்மேல் சிறுநீர்த் துளியை இட்டு விளக்கின்மேற் காட்டினால், சர்க்கரை இருப்பின் துண்டு கருக்கும். 1883ஆம் ஆண்டில் ஆங்கில மருத்துவர் ஜோர்ஜ் ஒலிவர், நோயாளியின் படுக்கையருகே செய்யத்தக்க பரிசோதனைத் தாள்களைப் பற்றி நூல் எழுதினார். மருத்துவர் தம் சட்டைப்பையில் ஓர் ஆய்வுகூடத்தை எடுத்துச் செல்லலாம் என்னும் கனவு அப்போதே அரும்பிவிட்டது.

அக்கனவு நனவானது 1956ஆம் ஆண்டில். அமெரிக்காவின் எல்க்கார்ட் நகரில் பணியாற்றிய அல்பிரட் ஃபிறீ, ஹெலன் ஃபிறீ என்னும் கணவனும் மனைவியும், குளுக்கோசை மட்டுமே தேடிப்பிடித்து மாற்றும் நொதியத்தையும் நிறந்தரும் பொருளையும் ஒரே தாட்கீற்றிற் தோய்த்து உலர்த்தினர். கிளினிஸ்டிக்ஸ் எனப்பட்ட அக்கீற்றைச் சிறுநீரில் ஒருமுறை தோய்த்து எடுத்தாற் போதும். சர்க்கரை இருப்பின் சிறிது நேரத்தில் நீலம் தோன்றும். நெருப்பில்லை, குழாயில்லை, கரைசலில்லை. நோயாளி தம் வீட்டிலேயே தம்மைச் சோதித்துக்கொள்ளும் காலம் பிறந்தது.

இதற்கிடையே வேறொரு பாதையிலும் தாளின் ஆற்றல் வெளிப்பட்டது. தாளின் முனையை நீரில் வைத்தால் நீர் தானே மேலேறும். இதைக் காண ஆய்வுகூடம் செல்ல வேண்டியதில்லை. அகல்விளக்கின் திரியைப் பார்த்தாற் போதும். எண்ணெய் கீழே கிடக்க, சுடர் மேலே எரிகின்றது. திரியிலுள்ள நுண்ணிய இடைவெளிகள் எண்ணெயைக் கவர்ந்து மேலேற்றுகின்றன. எவரும் அதை இறைப்பதில்லை. இதனை மயிர்த்துளைமை என்பர். தாளும் செலுலோசு நார்களால் ஆன ஒரு திரியே. 1944ஆம் ஆண்டில் இங்கிலாந்தைச் சேர்ந்த மாட்டினும் அவர்தம் தோழர்களும், ஒரு கலவையின் துளியைத் தாளில் இட்டு, நீர்மம் அதனூடே ஊரும்போது கலவையின் கூறுகள் வெவ்வேறு தூரம் சென்று பிரிவதைக் காட்டினர். மாட்டினும் சிஞ்சும் 1952ஆம் ஆண்டில் நோபெல் பரிசு பெற்றனர். எழுதவும் பொதியவும் பயன்பட்ட தாள், பிரித்தறியும் கருவியுமாயிற்று.

தாள் மற்றொரு பணியையும் ஏற்றது. 1963ஆம் ஆண்டில் அமெரிக்க மருத்துவர் ரொபேட் கதிறி, பிறந்த குழந்தையின் குதிகாலிலிருந்து எடுத்த குருதித் துளியை வடிதாளில் உலர்த்தி, பிறவி நோயைக் கண்டறியும் முறையை வெளியிட்டார். இன்று இலங்கையிலும், பிறவியிலே தைரொயிட்டுச் சுரப்புக் குறைந்த குழந்தைகளைக் கண்டறிய இவ்வகைக் குருதிப் பொட்டே எடுக்கப்படுகின்றது. இதன் சிறப்பைத் தீவு வாழ்வோர் எளிதில் உணர்வர். கடலைக் கடக்க வேண்டியது குழந்தையன்று, தாள் மட்டுமே. ஆனால் இம்முறையில் விடை வரச் சில நாளாகும். நாட்கணக்கிற் பொறுக்கக்கூடிய நோய்க்கு இது பொருந்தும். ஓரிரவில் உயிரைக் கவரும் காய்ச்சலுக்குப் பொருந்தாது.

காய்ச்சல் என்றவுடன் இலங்கை மக்களின் நினைவுக்கு வருவது மலேரியா. 1934ஆம், 1935ஆம் ஆண்டுகளில் இந்நாட்டைத் தாக்கிய மலேரியாக் கொள்ளைநோய் ஏறத்தாழ 80,000 உயிர்களைக் கவர்ந்தது. டிடிரி மருந்து தெளித்து நோயை அடக்கியதால், 1963ஆம் ஆண்டில் நாடு முழுவதும் 17 நோயாளரே காணப்பட்டனர். நோய் ஒழிந்துவிட்டது என்று எண்ணிக் காவல் தளர்ந்தபோது, அது வெள்ளம்போல் திரும்பிற்று; 1969ஆம் ஆண்டில் ஐந்து இலட்சத்துக்கு மேற்பட்டோர் நோயுற்றனர். போர்க்காலத்தில் வடக்கும் கிழக்கும் மீண்டும் பெருந்துன்பத்துக்கு ஆளாயின. நோயாளியின் குருதியைக் கண்ணாடித் தகட்டில் பூசிச் சாயமேற்றி நுணுக்குக்காட்டியிற் பார்ப்பதே மலேரியாவை அறியும் மூலமுறை. அதற்குக் கருவி மட்டும் போதாது. கிருமியைக் கண்டு கூறும் பழகிய கண் வேண்டும். அத்தகைய கண் எல்லா ஊரிலும் எல்லா வேளையிலும் கிட்டுவதில்லை.

1990ஆம் ஆண்டுகளில் மலேரியாவுக்கும் கீற்றுப் பரிசோதனை வந்தது. இதற்கு முன்னரே, 1980ஆம் ஆண்டுகளின் இறுதியில், கருவுற்றிருப்பதை வீட்டிலேயே அறியும் கீற்று மேலைநாட்டுக் கடைகளில் விற்பனைக்கு வந்திருந்தது. இரண்டினதும் அமைப்பு ஒன்றே. கீற்றின் ஒரு முனையில் துளியை இட்டால் அது திரியில் எண்ணெய் ஊர்வதுபோல் ஊர்ந்து செல்லும். வழியில், நுண்ணிய பொற்றுகள்களில் ஒட்டிய பிறபொருளெதிரிகள் அத்துளியோடு கலக்கும். தேடும் பொருள் குருதியில் இருப்பின் அத்துகள்கள் ஒரு கோட்டிற் சிறைப்பட்டுச் செந்நிறம் காட்டும். இரண்டாவது கோடொன்று, கீற்று செவ்வனே இயங்கியதா என்பதற்குச் சான்று பகரும். சான்றுக்கோடு தோன்றாவிடில் விடை எதுவாயினும் அதைத் தள்ளிவிட வேண்டும். தன் பிழையைத் தானே அறிவிக்கும் இப்பண்பு, இச்சிறு கருவியின் பெருஞ்சிறப்பு ஆகும்.

நுணுக்குக்காட்டியும் கீற்றும் கொசு ஒழிப்பும் இடையறாத கண்காணிப்பும் சேர்ந்து பயன் தந்தன. இலங்கை மண்ணில் தொற்றிய இறுதி மலேரியா நோயாளி 2012ஆம் ஆண்டு ஒக்டோபரிற் பதிவானார். 2016ஆம் ஆண்டு செப்டெம்பரில் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடெனச் சான்றளித்தது. ஆனால் அவ்வாண்டின் இறுதியிலேயே, இந்திய நகரங்களில் மலேரியாவைப் பரப்பும் ஒருவகை நுளம்பு மன்னாரிற் கண்டுபிடிக்கப்பட்டது; பின்னர் யாழ்ப்பாணத்திலும் காணப்பட்டது. கிணற்று நீரில் வளரும் இயல்புடைய அந்நுளம்பு, கிணறுகளையே நம்பி வாழும் நாட்டுக்கு நல்ல விருந்தாளியன்று. அயல்நாட்டிலிருந்து கிருமியோடு திரும்பும் ஒரு பயணியை உரிய காலத்திற் கண்டறியத் தவறினால், 1963ஆம் ஆண்டின் பின் நிகழ்ந்தது மீண்டும் நிகழலாம்.

இந்நூற்றாண்டில் தாட்கருவியின் வரலாறு புதிய திருப்பம் கண்டது. கீற்றில் நீர்மம் ஒரே நேர்வழியிற் செல்லும். அதற்குப் பல கிளைகள் அமைத்தால் ஒரே துளியிற் பல சோதனைகளைச் செய்யலாமே என்று எண்ணினர், ஹார்வார்ட் பல்கலைக்கழகத்தின் ஜோர்ஜ் வைற்சைட்சும் அவர் குழுவினரும். 2007ஆம் ஆண்டில் அவர்கள் வெளியிட்ட கருவி, ஒரு சிறு தாட்துண்டு. அதில் நீர் ஒட்டாத சுவர்களை எழுப்பி, நடுவே வாய்க்காலும் முனையில் மூன்று கிளைகளும் அமைத்தனர். ஐந்து மைக்கிரோலீற்றர் அளவான துளி, வாய்க்காலூடே ஓடிக் கிளைகளிற் பிரிந்து, ஓரிடத்தில் குளுக்கோசு உண்டெனப் பழுப்பு நிறத்தாலும், மற்றோரிடத்தில் புரதம் உண்டென நீல நிறத்தாலும் தெரிவித்தது. துலா மிதித்து இறைத்த நீரை வாய்க்கால் வெட்டிப் பாத்திகளுக்குப் பிரித்துவிட்ட யாழ்ப்பாணத் தோட்டக்காரரின் கலையை, ஒரு விரல் நகத்தளவு தாளில் செய்தது போன்றது இது. இங்கே துலா மிதிப்பாரும் இல்லை. தாளே நீரை இழுத்துக்கொள்கின்றது.

முதலில் அச்சுவர்களை எழுப்ப விலையுயர்ந்த பொருள் தேவைப்பட்டது. 2009ஆம் ஆண்டில் மெழுகைக் கொண்டு அச்சிடும் முறையை அவர்கள் கண்டனர். அச்சுப்பொறி தாளில் மெழுகாற் கோடு வரையும். தாளைச் சூடாக்கினால் மெழுகு உருகித் தாளின் அடிவரை இறங்கிச் சுவராகும். துணியில் மெழுகு பூசிச் சாயம் ஏறாமற் தடுக்கும் பத்திக் தொழிலை அறிந்த இலங்கையர்க்கு இதன் தத்துவம் உடனே புலப்படும்.

நமது அயலிலும் இம்முயற்சி தழைத்தது. 2020ஆம் ஆண்டில் கொரோனாத் தொற்றுப் பரவியபோது, டில்லியிலுள்ள மரபணு ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த தேபஜோதி சக்கரவர்த்தியும் சௌவிக் மைத்தியும் தாட்கீற்றில் விடை காட்டும் பரிசோதனையொன்றை ஆக்கினர். சத்யஜித் ராயின் துப்பறியும் கதாநாயகனை நினைவூட்டும் வகையில் அதற்கு ஃபெலூடா என்று பெயரிட்டனர். அவ்வாண்டு செப்டெம்பரில் அது இந்திய அரசின் ஒப்புதலைப் பெற்றது. சோடா மூடியைத் தட்டையாக்கி, இரு துளையிட்டு நூல் கோத்து, இழுத்து இழுத்துச் சுழற்றும் விளையாட்டுப் பொருளை நம் சிறுவர் அறிவர். அமெரிக்காவில் ஆய்வு நடத்தும் இந்தியரான மனு பிரகாசும் அவர் குழுவினரும் 2017ஆம் ஆண்டில் அவ்விளையாட்டையே தாளாற் செய்து, மின்சாரமின்றிக் குருதியின் கூறுகளைப் பிரித்துக் காட்டினர்.

இத்தனை அறிவும் திரண்டிருக்க, தாட்கருவி ஒவ்வொரு தீவிலும் குவிந்து கிடக்க வேண்டுமன்றோ? அவ்வாறு இல்லை. ஒரு கோடு காட்டும் கீற்றுகள் உலகெங்கும் பரவின. பல கிளைகள் கொண்ட தாட்கருவிகளோ பெரிதும் ஆய்வுகூடங்களைத் தாண்டவில்லை. தாள் மலிவானது, அதிற் தோய்க்கும் நொதியமும் பிறபொருளெதிரியும் மலிவானவையல்ல. வெம்மையும் ஈரக்காற்றும் அவற்றைக் கெடுக்கும். தீவுகளில் இரண்டுக்கும் குறைவில்லை. மங்கிய விளக்கொளியில் வெளிர்நீலத்தையும் நீலத்தையும் பிரித்தறிவதும் எளிதன்று. எந்தக் கிருமியைத் தேடும் கீற்று என்பதும் முக்கியம். இலங்கையிற் பெரிதும் காணப்பட்டது வைவாக்ஸ் மலேரியா. பல்சிப்பாரம் வகையை மட்டும் தேடும் கீற்று இங்கு நோயில்லை என்று பொய்யுரைத்திருக்கும். பல்சிப்பாரம் கிருமி இறந்த பின்னும் அதன் புரதம் சில வாரம் குருதியிற் தங்குவதால், குணமடைந்தவரையும் சில கீற்றுகள் நோயாளியெனக் காட்டுவதுண்டு.

இன்று தீவகத்தில் காய்ச்சல் காண்பவரின் நிலையை எண்ணிப் பார்த்தால் இதன் பொருள் தெளிவாகும். மாரிக்காலத்தில் யாழ்ப்பாணத்தில் டெங்கு பெருகுகின்றது. அதைப் பரப்பும் நுளம்பு இங்கு உவர்நீரிலும் வளர்வதை யாழ்ப்பாணத்து ஆய்வாளர் கண்டறிந்துள்ளனர். 2024ஆம் ஆண்டு டிசெம்பரில் யாழ்ப்பாண மாவட்டத்திற் பரவிச் சில உயிர்களைக் கவர்ந்த காய்ச்சல், எலிக்காய்ச்சல் எனக் கண்டறியப்பட்டது. டெங்கு, எலிக்காய்ச்சல், மலேரியா ஆகிய மூன்றும் முதல் நாளில் ஒன்றுபோலவே தோன்றும்: உடல் காயும், தலை வலிக்கும், மூட்டும் தசையும் நோகும். ஆனால் சிகிச்சை மூன்று. எலிக்காய்ச்சலுக்கு நுண்ணுயிர்க்கொல்லி மருந்து விரைவில் வேண்டும். டெங்குக்கு அம்மருந்து பயன்படாது. உடலின் நீர்ச்சமநிலையை மணிக்கணக்கிற் கவனிக்க வேண்டும், அஸ்பிரின் போன்ற மருந்துகளைத் தவிர்க்க வேண்டும். மலேரியாவுக்கோ அதற்குரிய மருந்தே வேண்டும். பெயர் தவறினால் மருந்து தவறும். மருந்து தவறினால் காலம் தவறும்.

ஒரே குருதித் துளியை மூன்று வாய்க்கால்களிற் பிரித்து மூன்று நோய்களையும் ஒருங்கே வினவும் தாள், இத்தகைய இடத்துக்கே மிகவும் தேவை. அது கைக்கு எட்டும்போதும் ஒன்றை மறத்தலாகாது. டெங்குக் கிருமியின் புரதம் முதற்சில நாட்களிலேயே குருதியில் நன்கு தென்படும். எலிக்காய்ச்சலுக்கு எதிராக உடல் ஆக்கும் பிறபொருளெதிரியோ சில நாள் கழித்தே தோன்றும். ஆகவே முதல் நாளிற் கோடு தோன்றாமை நோயில்லை என்பதற்குச் சான்றாகாது. எந்த நாளிற் சோதித்தோம் என்பதையும் சேர்த்தே தாளைப் படிக்க வேண்டும். எண்ணெய்த் துளியின் போக்கைக் கண்ட பழைய வைத்தியரும், அதனோடு நாடியையும் நாவையும் விழியையும் பார்த்த பின்னரே முடிவு கூறினர்.

தாள் மருத்துவரின் இடத்தைக் கொள்ளப் பிறந்ததன்று. மருத்துவருக்கும் நோயாளிக்கும் இடையே கிடக்கும் கடலைச் சுருக்கப் பிறந்தது. குறிகட்டுவானுக்கு அப்பால், சோளகம் இரையும் இரவில், காய்ச்சலுற்ற குழந்தையின் அருகே ஒரு தாய் விழித்திருக்கின்றாள். படகை இறக்குவதா, பொறுப்பதா என்பதை அலையின் உயரம் பார்த்தும் அச்சத்தின் அளவு பார்த்தும் முடிவு செய்த காலம் நெடிது. ஒரு துளி குருதியும் ஒரு துண்டுத் தாளும், அவற்றைப் படிக்கத் தெரிந்த ஒருவரும் தீவிலேயே இருப்பின், அம்முடிவை அறிவைக் கொண்டு எடுக்கலாம்.